பொள்ளாச்சி பஸ்ஸில் தூங்கியவள்

செல்வராணி இறந்துபோன செய்தி எனக்கு மறுநாள்தான் சொல்லப்பட்டது. அவள் இறந்த மத்தியானம் நான் ஈரோட்டில், ரயில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தேன். சரக்கு ரயிலைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வண்டிக்குக் காத்திருக்கும் ஓய்வு. தூங்கும்போது போனை அணைத்துவிடுவேன். எழுந்து, கையெழுத்துப் போட்டு, என்ஜினில் ஏறினேன். வாளையாறு காட்டுக்குள் யானைக்காக வேகத்தைக் குறைத்து, கஞ்சிக்கோட்டில் வெகு நேரம் சிக்னலுக்கு நின்று, பாலக்காடு வந்து இறங்கினேன். வண்டியை ஒப்படைக்க, ஓட்டுநர்களின் பணிப்பதிவு அலுவலகமான லாபிக்குப் போனபோது, மேசையில் இருந்த ராமநாதன் என் கையெழுத்தை வாங்கி முடித்த பிறகு எழுந்து நின்றார்.

"சாந்தாமணி, இப்படி ஒக்காருங்கோ. மொதல்ல தண்ணி குடியுங்கோ."

"என்ன ஆச்சுங்க?"

"ராணி போயிட்டா. நேத்திக்கு மத்தியானம். பொள்ளாச்சி பஸ்ல."

"பஸ் மோதிருச்சுங்களா?"

"இல்லை. பஸ்ஸுக்குள்ளேயே, சீட்ல இருந்தபடியே. ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நேத்தே தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியும். சொல்லியிருந்தா நீங்க எப்படி வண்டியை எடுத்துண்டு வருவேள்? காலம்பறவே எரிச்சாச்சு."

ராமநாதன் கல்பாத்திக்காரர், மென்மையானவர். சொல்லிவிட்டு அவரே அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ராணியும் அதே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்தான். ஓட்டுநர் ஒருவரின் தகப்பனார் இறந்த செய்தியை, அவர் வண்டியை விட்டு இறங்கும்வரை யாரும் சொல்லக்கூடாது என்று ஒருமுறை அவளே தடுத்திருக்கிறாள். அவள் வைத்த வழக்கம் அவள் சாவுக்கே பயன்பட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளோடு வேலை செய்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவள் "ரெட்டைத் தாண்டியவள்", சிவப்பு சிக்னலில் நிற்காமல் போனவள் மட்டும்தான். அதற்கு முன்பும் அவள் இருந்தாள்.

பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களுக்கான ஒற்றை அறை வரிசை வீட்டில் பிறந்தவள் அவள். அம்மா கொழுந்து கிள்ளியவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. பாலிடெக்னிக்கில் சேரக் கோட்டயம் இறங்கிய அன்றுதான் அவள் முதன்முதலாக ரயிலைப் பார்த்தாள். அன்று ஒரு சரக்கு வண்டி பிளாட்பாரத்தைக் கடந்து போயிருக்கிறது. "பெட்டி முடியவே மாட்டேங்குது. இம்புட்டையும் ஒரு ஆளு இழுத்துட்டுப் போறானேன்னு பாத்துட்டே நின்னேன். எனக்கும் இழுக்கணும்னு தோணிச்சு. அம்புட்டுத்தான் காரணம்" என்று சொல்லுவாள். நாங்கள் இருவரும் ஒரே பேட்ச்சில் உதவி லோகோ பைலட்டாக, அதாவது உதவி ஓட்டுநராகச் சேர்ந்தோம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. மலையாளம் பேசும் கூட்டத்தில் தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். என் "ஏனுங்க"வை அவள் கேலி செய்வாள், அவளுடைய "ஏட்டி"யை நான்.

பயிற்சிக் காலத்தில் அவளிடம் நாங்கள் எல்லோரும் பொறாமைப்பட்டது தூக்கத்துக்காகத்தான். தலை சாய்த்தால் தூங்கிவிடுவாள். விடுதி அறையில் மற்றவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பார்கள். அவள் நடுவில் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். லயத்தில் ஒரே அறையில் அத்தனை பேர் படுத்து வளர்ந்தவளுக்கு, சத்தம் ஒரு பொருட்டே இல்லை. "எங்க லயத்துல தோட்டத்துச் சங்கு ஊதினாத்தான் எந்திரிப்போம். அதுக்கு முன்னால மேல கூரை விழுந்தாலும் தெரியாது" என்பாள். அவளை எழுப்ப நாங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறோம். கோபப்படமாட்டாள். துடைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாள்.

சரக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என்று ஒரு நேரம் கிடையாது. இது நமக்குத் தெரியும், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் விடியலில் அழைப்பார்கள், இன்னொரு நாள் அந்தியில். நேற்று தூங்கிய நேரத்தில் இன்று விழித்திருக்க வேண்டும், நேற்று விழித்திருந்த நேரத்தில் இன்று தூங்க வேண்டும். உடம்பு இதைக் கற்றுக்கொள்வதே இல்லை. விடிவதற்குச் சற்று முன்பு, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், உடம்பு தானாக விளக்கை அணைத்துக்கொள்ளப் பார்க்கும். அப்போது எழுந்து நின்று ஓட்டுவோம். கண்ணில் தண்ணீர் விட்டுக்கொள்வோம். சும்மா இருந்தால் ஒலியெழுப்பி அழுத்தச் சொல்லும் விழிப்புப் பொத்தான் ஒன்று என்ஜினில் உண்டு. ஓட்டுநர் விழித்திருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. தூங்கிக்கொண்டே அதை அழுத்தக் கை பழகிவிடும் என்பதை நாம் நமக்குள் மட்டும்தான் பேசிக்கொள்வோம்.

இதையெல்லாம் ராணி தாங்கினாள். முழு ஓட்டுநராகவும் ஆனாள். அவள் தாங்க முடியாமல் போனது பகலைத்தான்.

அவள் கணவர் கூட்டுறவுச் சங்க எழுத்தர். பீர்மேட்டில் வேலை பார்த்தபோது அவளைப் பார்த்து, விரும்பி, அம்மாவோடு சண்டை போட்டுக் கட்டிக்கொண்டார். சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம், ஒலவக்கோட்டில் ஒரு சந்துக்குள் வீடு. நல்ல மனிதர் என்றே நான் அவரை நினைத்திருந்தேன். இப்போதும் கெட்டவர் என்று எழுத வரவில்லை. ரயில் ஓட்டுகிற மனைவி என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவர் அவர். ரயில் ஓட்டுகிற மனைவி பகலில் தூங்குவாள் என்பதை மட்டும் அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஒரு நாள் உச்சிவேளையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் ராணி தைத்து மாட்டியிருந்த கறுப்புத் துணியை அவள் மாமியார் முக்காலிமேல் ஏறி அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் ராணி, முகத்தில் வெயில் விழ, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். காலையில்தான் வண்டியை விட்டு இறங்கியிருந்தாள். அந்தியில் மறுபடி போக வேண்டும்.

"சாந்தாமணி, நீயே சொல்லு கண்ணு" என்றார் அந்த அம்மாள், குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல். "பட்டப்பகல்ல கருப்புத் துணி கட்டி வெச்சா எழவு ஊடுன்னு நெனைக்க மாட்டாங்களா? வர்றவங்கெல்லாம் கேக்கறாங்க, மருமகளுக்கு என்ன சீக்குன்னு."

"அவ ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டீட்டு வந்திருக்கறாளுங்கம்மா."

"ஓட்டட்டும். நானுந்தான் காடு கரையெல்லாம் வேலை பாத்தேன். ஒரு நாளு பகல்ல படுத்திருப்பனா?"

ராணி கண்ணைத் திறக்காமலே, "இருக்கட்டும்ட்டி. நீ டீயக் குடி" என்றாள். பக்கத்து மாவு மில் ஓடத் தொடங்கியது. அடுப்படியில் குக்கர் கத்தியது. யாரோ வந்து கதவைத் தட்டி, "ரயில்காரம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். மாமியார், "இருக்கறா, தூங்கறா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எந்தச் சத்தத்திலும் தூங்கியவள் அந்த ஒரு வார்த்தையில் தூங்க முடியாமல் போனாள் என்று நினைக்கிறேன். லயத்தில் யாரும் அவள் தூக்கத்தைக் குற்றமாகப் பார்த்ததில்லை. இங்கே அவள் கண்ணை மூடினால் யாரோ தன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல இருந்தது. குழந்தை உண்டாகாததற்கும் அந்தத் தூக்கமே காரணம் என்று சொன்னார்கள். அன்று என்னை வழியனுப்பத் தெருமுனைவரை வந்தவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பசிக்குதுன்னா சோறு போடுதாக. தூக்கம் வருதுன்னா மட்டும் ஏன்ட்டி எல்லாருக்கும் இம்புட்டுக் கோவம் வருது?"

அதற்குப் பிறகு ஒரு விடுமுறை நாளில் பொள்ளாச்சிக்குத் துணி எடுக்கப் போக, கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினேன். கடைசிக்கு முந்தின வரிசையில், ஜன்னலோரத்தில், துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைப் பார்த்து அடையாளம் கண்டேன். தோளைத் தொடப் போனபோது கண்டக்டர் ஓடிவந்து தடுத்தார். பழனிச்சாமி என்று பெயர், கோபாலபுரத்துக்காரர்.

"எழுப்பாதீங்க. பாவம், தூங்கறதுக்குன்னே வர்றவங்க."

"எங்க போறாங்க?"

"எங்கயும் போகலீங்க. பாலக்காட்டுல ஏறுவாங்க, பொள்ளாச்சி போயி, இதே வண்டியில திரும்பி வருவாங்க. ரெண்டு பக்கமும் டிக்கெட் எடுத்துருவாங்க. அவங்க எறங்கற எடத்துல நான் எழுப்பி உட்டுருவனுங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குண்டும் குழியுமான சாலை, ஹாரன், சினிமாப் பாட்டு, கோழிக்கூடையோடு ஏறிய பெண்கள். அவள் வாய் லேசாகத் திறந்தபடி, பயிற்சி விடுதியில் தூங்கிய அதே தூக்கம். பொள்ளாச்சியில் விழித்து என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இங்க என்னைய யாருக்கும் தெரியாதுட்டி. மருமவ இல்ல, பொண்டாட்டி இல்ல. டிக்கெட் எடுத்த ஆளு தூங்குனா எவன் என்ன கேக்கப் போறான்?" பேருந்து நிலையத்தில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மாமியாரின் உறவுக்காரர் ஒருவர் அவளை அந்த பஸ்ஸில் பார்த்துவிட்டார். ஒருமுறை பார்த்தவர், மறுமுறையும் பார்த்தார். வீட்டில் ராணியின் கணவரிடம் சொன்னார். அன்று மாலை கணவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கத்தாமல், மரியாதையாகவே கேட்டிருக்கிறார். பொள்ளாச்சிக்கு எதற்குப் போகிறாய் என்று. அடுத்த நாள் லாபியின் பின்புறம் நின்றுகொண்டு அவள் எனக்கு அதைச் சொன்னாள்.

"தூங்கப் போனேன்னு சொன்னேன் சாந்தா. யாரோடன்னு கேட்டாரு."

அழவில்லை. அந்த வாக்கியத்தை மறுபடியும் ஒருமுறை சொன்னாள், தான் சரியாகக் கேட்டோமா என்று சோதிப்பதுபோல. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குப் போனாள். அன்றிலிருந்து பஸ்ஸில் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பகலெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு, துணி துவைத்து, சமைத்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, தான் தூங்காத நல்ல மருமகள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள்.

சிக்னலைத் தாண்டியது அந்த வாரங்களில்தான். விடிகிற நேரம், வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. உடன் இருந்த உதவி ஓட்டுநர் வழக்கப்படி சிக்னலின் நிறத்தை உரக்கச் சொன்னார்: "ரெட்டு". ஓட்டுநர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ராணியும் திருப்பிச் சொன்னாள்: "ரெட்டு". குரல் தெளிவாக இருந்தது என்று அவர் சொல்கிறார். கண்ணும் திறந்துதான் இருந்தது. விழிப்புப் பொத்தானையும் அழுத்தியிருக்கிறாள். பிரேக்கை மட்டும் போடவில்லை. அவர் பாய்ந்து அவசர பிரேக்கை இழுத்தார். என்ஜின் சிக்னலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. எதிரில் வண்டி இல்லை. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

நம் ஆட்கள் அவளுக்கு நல்லதையே சொன்னார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல், பனி என்று சொல், மரக்கிளை மறைத்தது என்று சொல் என்றார்கள். நானும் சொன்னேன். அவள் விசாரணையில் உண்மையைச் சொன்னாள். "செவப்பு தெரிஞ்சுது சார். அது செவப்புன்னும் தெரிஞ்சுது. செவப்புன்னா நிக்கணும்னு மட்டும் தெரியல."

விசாரித்த அதிகாரி இதை ஒரு திமிரான பதிலாக எடுத்துக்கொண்டார். ஓய்வு கொடுக்கப்பட்டதா என்று கேட்டார். கொடுக்கப்பட்டது என்றாள். பிறகு ஏன் தூங்கவில்லை என்றார். வீட்டு விஷயத்தை அந்த மேசைமேல் வைக்க அவளால் முடியவில்லை.

வீட்டு விஷயம் தானாகவே அந்த மேசைக்கு வந்தது. ஓய்வு நேரத்தில் அவள் ஓய்வு எடுக்கிறாளா என்று விசாரிக்க ஒருவரை அனுப்பினார்கள். மாமியார் அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார். அந்த அம்மாளுக்கு இது வழக்கு என்று தெரியாது. தன் குறையைக் கேட்க ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்றே நினைத்தார். "ஊட்டுல எங்கீங்க இருந்தா? என்ற மகன் வேலைக்குப் போனதும் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போயிருவாளுங்க" என்றார். கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். அது உண்மையா என்று கேட்டபோது ஆமாம் என்றார். அவள் நிறுத்தி வெகு நாளாகிவிட்டது என்பதை அவர் சொல்லவில்லை. தூங்கத்தான் போனாள் என்றும் சொல்லவில்லை. அவர் அதை நம்பியிருந்தால்தானே சொல்ல?

கொடுத்த ஓய்வை ஊர் சுற்றி வீணாக்கியவள் என்று முடிவானது. அவளை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அதை ராணி எதிர்பார்த்திருந்தாள். அடுத்து வந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. லாபியில் மேசை வேலை கொடுத்தார்கள். ஓட்டுநர்களுக்குப் போன் செய்து, தூங்குகிறவர்களை எழுப்பி, வண்டிக்கு வரச் சொல்லும் வேலை.

மற்றவர்கள் வண்டி எண்ணைச் சொல்லி வைத்துவிடுவார்கள். ராணி முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: "தூங்குனீகளா?" ஆமாம் என்றாலும் குரலைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பேசுவாள். சந்தேகம் வந்தால் அவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். விட்டுவிடப்பட்டவர்கள் அவளை வாழ்த்தினார்கள். அவர்களுக்குப் பதிலாகப் போனவர்கள் அவளைத் திட்டினார்கள். ஒருவர் போனிலேயே, "நீ உன் தூக்கத்தை ஒழுங்கா தூங்கியிருந்தா அந்த நாற்காலிக்கு வந்திருக்க மாட்டியே" என்றார். அவர் இதைப் படிப்பார். பெயரை எழுதப் போவதில்லை. அன்று அவள் போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழைத்து, அதே குரலில், "தூங்குனீகளா?" என்று கேட்டதை நான் எதிரில் நின்று பார்த்தேன். வண்டிகள் தாமதமாவதாகப் புகார் போனது. கேள்வி கேட்கக்கூடாது, வண்டி எண்ணை மட்டும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கட்டளை வந்தது. கொஞ்ச நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடி கேட்கத் தொடங்கினாள். மறுபடியும் எச்சரித்தார்கள்.

கணவர் அவளைப் போகச் சொல்லவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அவளே ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் கேட்டு வாங்கித் தனியாகப் போனாள். நானும் கூடப் போய் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி தைத்து மாட்டினேன். அவிழ்க்க யாரும் இல்லை. மில் இல்லை, குக்கர் இல்லை, கதவு தட்ட ஆள் இல்லை. மேசை வேலையில் வாரம் முழுவதும் ஒரே நேர ஷிப்ட். இனிமேல் நன்றாகத் தூங்குவாள் என்று நான் நினைத்தேன்.

தூக்கம் வரவில்லை. வருஷக்கணக்காக முறித்து முறித்துப் போட்டதை உடம்பு இனி திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது. கறுப்புத் துணிக்குப் பின்னால், நல்ல இருட்டில், கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். மாத்திரை சாப்பிட்டாள், ரத்த அழுத்தம் ஏறியது, அதற்கும் மாத்திரை சாப்பிட்டாள். முகம் வீங்கிப்போயிற்று. "அமைதியா இருந்தா பயமா இருக்குட்டி. யாராச்சும் எழுப்ப வருவாகன்னு காத்துட்டே கெடக்கேன்" என்றாள். கடைசியில் மறுபடி பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறத் தொடங்கினாள். அங்கே மட்டும் தூக்கம் வந்தது. இம்முறை அவளைக் கேட்க யாரும் இல்லை.

அன்றும் அப்படித்தான் ஏறியிருக்கிறாள். துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு சாய்ந்தாள். பஸ் பொள்ளாச்சி போய்த் திரும்பியது. பாலக்காட்டில் எழுப்ப வந்த பழனிச்சாமி, இவ்வளவு ஆழமாகத் தூங்கி வெகு நாளாயிற்று என்று இரக்கப்பட்டு, எழுப்பாமல் விட்டுவிட்டார். தன் கைக்காசில் அவளுக்கு இன்னொரு டிக்கெட் கிழித்து மடியில் வைத்தார். பஸ் மறுபடியும் புறப்பட்டது. கோபாலபுரம் தாண்டி ஒரு வளைவில் அவள் பக்கத்தில் இருந்த பெண்மணிமேல் சரிந்தாள். அந்த அம்மாள் கூச்சல் போட்ட பிறகுதான் துப்பட்டாவை விலக்கிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில், உயிர் போய் நேரமாயிற்று என்றார்கள். முதல் தடவை பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தபோது உயிரோடு இருந்தாளா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

நான் லாபியிலிருந்து நேராக ஒலவக்கோட்டுச் சந்துக்குப் போனேன். பிரிந்து போனவளின் உடலைக் கணவர்தான் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டுபோய் எல்லாம் செய்திருந்தார். வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது. அவர் ஒரு நாற்காலியில், சவரம் செய்யாத முகத்தோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வந்திருந்த பெண்கள், "கொடுத்து வெச்சவ. தூக்கத்துலயே போயிட்டா. இப்பிடிச் சாவு யாருக்கு வாய்க்கும்?" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியாரும் தலையாட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு, "ஊட்டுல படுத்துத் தூங்கியிருந்தா இப்பிடி ஆயிருக்குமா கண்ணு?" என்று கேட்டார். அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றேன்.

ராணியின் அம்மா எனக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். பீர்மேட்டில் மண் சரிந்து பாதை அடைத்திருந்ததால், ஜீப்பில் சுற்றி வந்து, பஸ் மாறி மாறி வந்திருந்தார். அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. எரித்தாயிற்று என்று சொன்னார்கள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, எப்படிச் செத்தாள் என்று மட்டும் கேட்டார். அங்கே ஒரு ஓரத்தில், காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல், பழனிச்சாமி நின்றிருந்தார். கூப்பிடாமலே வந்திருந்தார். அவரே முன்னால் வந்து சொன்னார். முழுவதையும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"தூங்கட்டும்னு உட்டுட்டனுங்கம்மா."

ராணியின் அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவ எழுப்பிப் பாத்திருக்கப்புடாதாய்யா? எம்புள்ள கோவப்பட மாட்டாளே. மொகத்துல தண்ணி தெளிச்சு எழுப்புனாக்கூட கோவப்பட மாட்டாளே."

பழனிச்சாமி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ராணி தூங்க வேண்டும் என்று நினைத்த ஒரே மனிதரை, அந்தக் கேள்வி என்ன செய்தது என்று நான் பார்த்தேன். அவர் இப்போது அந்த பஸ்ஸில் இல்லை. கண்டக்டர் வேலையையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

காரியம் முடிந்த சில நாளில் எனக்கு வண்டிக்கு அழைப்பு வந்தது. ஓய்வு முழுவதும் படுத்தே கிடந்தேன், ஆனால் தூங்கவில்லை. போனில் ஒரு புதுக்குரல், எண்ணையும் என்ஜினையும் சொல்லிவிட்டு வைக்கப் போனது. "நான் தூங்கலீங்க. வண்டி எடுக்க மாட்டேன்" என்றேன். இத்தனை வருஷ வேலையில் அதுவரை நான் அப்படிச் சொன்னதே இல்லை.

"மேடம், ரெஸ்ட் முடிஞ்சதாத்தானே காட்டுது?"

"முடிஞ்சுதுங்க. தூங்கல."

"உடம்பு சரியில்லைன்னு போட்டுடட்டுமா?"

"வேண்டாங்க. தூங்கலைன்னே போடுங்க."

அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. என்னாகும் என்று தெரியவில்லை. அன்று என் இடத்தில் போன ஓட்டுநரைப் பிறகு லாபியில் பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல், அவரும் கண்ணை மூடாமல் இருந்தவர். "நீங்க சொல்லிட்டீங்க. எனக்குச் சொல்ல வாய் வரலைங்க" என்றார். அவர் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வேறு மாதிரியும் நடந்திருக்கலாம், அவ்வளவுதான்.

ராணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். தூங்காதபோது தூங்கவில்லை என்று சொல்வது. இதனால் வண்டி நிற்பதில்லை, இன்னொரு தூங்காத ஆளிடம் போகிறது. அது தெரிந்தும் இனி சொல்லத்தான் போகிறேன். அவள் இருந்திருந்தால் அந்த அடுத்த ஆளிடமும் கேட்டிருப்பாள். இப்போது அந்த மேசையில் இருப்பவர்கள் வண்டி எண்ணை மட்டும் சொல்கிறார்கள்.